எச்.ஐ.வி.: அறிகுறிக்காகக் காத்திராமல் நாள்கணக்கை வைத்துப் பரிசோதித்துக்கொள்வது எப்படி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வடசென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு நாலு பேராவது காய்ச்சலில் படுத்திருப்பார்கள். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், பெயர் தெரியாத வைரஸ் காய்ச்சல் என்று பல காய்ச்சல்கள் ஒரே சமயத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில், எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் நுழைந்த முதல் சில வாரங்களில் சிலருக்கு வரும் காய்ச்சலும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடுகிறது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் தணிகிறது. ஒரு வாரத்தில் ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார். அதன் பிறகு பல ஆண்டுகள் உடலில் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. ஆகவே, இந்தக் கட்டுரையில் நோயின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய அறிகுறிகளை விவரித்திருந்தாலும், அவற்றைக் கண்ணாடி முன் நின்று ஒப்பிட்டுப் பார்த்து "எனக்கு இருக்கிறது", "எனக்கு இல்லை" என்று யாரும் தீர்மானித்துக்கொள்ளக் கூடாது. தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: கிருமி தொற்றியிருக்கக்கூடிய நாள் எது, அந்த நாளிலிருந்து உரிய இடைவெளி விட்டுச் செய்த ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட விதமே இதற்குச் சான்று. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோதுதான் கிருமி நம் நாட்டுக்குள் வந்திருப்பது தெரிந்தது. எய்ட்ஸ் முற்றிப் படுத்த படுக்கையான நோயாளி ஒருவரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவில்லை; தேடிப்போய் ரத்தத்தைப் பார்த்ததால் கண்டுபிடித்தார்கள்.

முதல் வேலை: தேதியைக் குறித்துக்கொள்வது

ஆணுறை இல்லாத உடலுறவு, வேறொருவர் பயன்படுத்திய ஊசியைத் தன் உடலில் ஏற்றிக்கொள்வது, பரிசோதிக்கப்படாத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு என்று இந்தக் கிருமி பரவும் வழிகள் சிலவே. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பகுதி இளைஞர்களிடையே பரவியிருப்பதால், இரண்டாவது வழியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரே சிரிஞ்சு இரண்டு மூன்று பேரிடம் கைமாறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் அதற்குள் தங்கியிருந்தாலே போதும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், பொதுக் கழிப்பறையாலும், கொசுக்கடியாலும், கட்டிப்பிடிப்பதாலும் பரவாது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது.

மேற்சொன்ன ஏதோ ஒன்று நடந்து இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். உடனே அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கிருமி உடலில் நிலைகொள்வதற்கு முன்பே தடுக்கும் மாத்திரைகளை 28 நாட்கள் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. முதல் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவுக்குப் பலன் அதிகம், 72 மணி நேரம் கடந்துவிட்டால் அதனால் பயனில்லை. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் குப்பை பிரிக்கும்போது கையில் ஊசி குத்திக்கொள்பவர்களும், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஊசி குத்திய இடத்தைப் பிதுக்காமல், வாயில் வைத்து உறிஞ்சாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், ஆயினும் அதே ஊசியால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வருவதற்கான வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அதற்கான தடுப்பூசியைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

முதல் கட்டம்: இரண்டு முதல் நான்கு வாரங்களில்

கிருமி நுழைந்து ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரங்களில் முதல் கட்டம் தொடங்குகிறது. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் சி.டி.4 எனப்படும் ஒரு வகை, மற்ற எதிர்ப்பு அணுக்களுக்கெல்லாம் உத்தரவு கொடுத்து வேலை வாங்கும் மேஸ்திரி போன்றது. எச்.ஐ.வி. பிடித்துக்கொள்வது குறிப்பாக அந்த அணுவைத்தான். அதற்குள் புகுந்து, தன் மரபுப்பொருளை நம் அணுவின் மரபுப்பொருளோடு பிணைத்துக்கொண்டு, அந்த அணுவையே தன்னைப் பெருக்கித் தரும் இடமாக மாற்றிவிடுகிறது. குடல் சுவரைச் சுற்றி இந்த அணுக்கள் மிகுதியாக இருப்பதால், முதல் சில வாரங்களிலேயே அங்கு பேரழிவு நடந்துவிடுகிறது. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் கிருமிகளின் எண்ணிக்கை பல லட்சங்களைத் தொடுகிறது, சிலருக்கு அதையும் தாண்டுகிறது. அடுத்தவருக்குத் தொற்றும் ஆபத்து மிக அதிகமாக இருக்கும் காலங்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கட்டத்தில் பலருக்குக் காய்ச்சல் வருகிறது. சிலருக்கு எதுவுமே தெரிவதில்லை. வருபவர்களுக்குப் பொதுவாகக் காணப்படுவது: 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மிகுந்த அசதி, தொண்டை வலி, மூட்டிலும் தசையிலும் வலி, தலைவலி, இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை, சிலருக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் மார்பு, முதுகு, முகம் ஆகிய இடங்களில் சிவந்த தடிப்புகள் தோன்றலாம். அவை பெரும்பாலும் அரிப்பதில்லை. வாயிலோ பிறப்புறுப்பிலோ வலிக்கும் புண்கள் வரலாம். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். காய்ச்சல் போன பிறகும் அந்த நெறி சில காலம் கரையாமல் இருப்பதுண்டு. மூக்கு ஒழுகுவதும் தும்மலும் இந்தக் காய்ச்சலோடு வருவது குறைவு. பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

இதில் டெங்குவோடு குழம்புவதற்கு நிறைய இடமிருக்கிறது. இரண்டிலும் காய்ச்சல், உடம்பு வலி, தடிப்பு உண்டு. இரண்டிலும் தட்டணுக்கள் குறையலாம். ஆகவே, டெங்கு, டைபாய்டு பரிசோதனைகள் இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்து, கடந்த ஒரு மாதத்துக்குள் மேற்சொன்ன சூழ்நிலை எதாவது நடந்தும் இருந்தால், அதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். "டாக்டர், எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துடலாமா?" என்று கேட்டாலே போதும், விவரம் வேண்டுமென்றால் அவரே கேட்டுக்கொள்வார். காய்ச்சல் வந்த எல்லோரும் இதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. சந்தர்ப்பமே ஏற்படாதவருக்கு இந்த அறிகுறிகள் அத்தனையும் இருந்தாலும் அது எச்.ஐ.வி. ஆகாது.

ஒன்றும் தெரியாத ஆண்டுகள்

முதல் காய்ச்சல் அடங்கியபின், உடல் ஓரளவு எதிர்த்து நின்று கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்து ஒரு மட்டத்தில் நிறுத்துகிறது. மருந்து எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த இரண்டாம் கட்டம் சராசரியாகப் பத்தாண்டு வரை நீளலாம்; சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆள் மூட்டை தூக்குவார், கடலுக்குப் போவார், கல்யாணம் செய்துகொள்வார். உள்ளே கிருமி ஒரு நாளும் ஓய்ந்திருப்பதில்லை. நலமாக இருக்கும் ஒருவரின் ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டிய சி.டி.4 அணுக்கள், சிகிச்சை இல்லாதபோது ஆண்டுக்கு ஐம்பது, நூறு என்று குறைந்துகொண்டே வருகின்றன.

கர்ப்பகாலப் பரிசோதனையில் தனக்குக் கிருமி இருப்பது தெரிந்த பெண்ணிடம், கணவரையும் அழைத்து வரச் சொல்லும்போது பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "அவரு கல்லு மாதிரி இருக்காரு மேடம், ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல, அவருக்கு எதுக்கு டெஸ்ட்டு?" ஆரோக்கியமாகத் தெரிவது எதற்கும் உத்தரவாதம் அல்ல என்பதைக் குடும்பத்துக்குள் புரியவைப்பதே இந்த நோயில் மிகக் கடினமான வேலை என்று நான் கருதுகிறேன். பாதிக்கப்பட்ட பெண்களில் மிகப் பலர் கணவரைத் தவிர வேறு யாரோடும் உறவு இல்லாதவர்கள். பரிசோதனைக்குக் கணவர் வர மறுத்து, பழி மட்டும் மனைவி மீது விழுவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

உடல் காட்டிக்கொடுக்கத் தொடங்கும் கட்டம்

சி.டி.4 எண்ணிக்கை 500-க்குக் கீழே இறங்க இறங்க, சிறு சிறு தொந்தரவுகள் தலைகாட்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக யாருக்கும் வரக்கூடியதுதான். மாறிமாறித் திரும்ப வருவதும், வழக்கமான மருந்துக்கு அடங்காமல் இருப்பதும்தான் கவனிக்க வேண்டியவை. இளம் வயதிலேயே உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பிக் கடுமையாக வலிக்கும் அக்கி அவற்றுள் முக்கியமானது. அக்கிக்குக் காவி எழுதிக்கொண்டு கொப்புளம் காய்ந்ததும் மறந்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. வயது ஐம்பதுக்குக் கீழே இருந்து அக்கி வந்தால், எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். கை கால்களில் ஆறாமல் அரிக்கும் சிறு கொப்புளங்கள், வாயோரம் வெடிப்பு, அடிக்கடி வரும் வாய்ப்புண், நகத்தில் பூஞ்சை, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவையும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை.

வாயைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கின் மேலும் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் தயிர் ஏடு படிந்ததுபோல் வெண்படலம் இருந்து, சுத்தமான துணியால் வழித்தால் அது பெயர்ந்து, அடியில் செக்கச்செவேல் என்று புண்பட்ட சதை தெரிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். நாக்கின் பக்கவாட்டில் வரிவரியாக இருக்கும் வெள்ளைத் தடம் வழித்தாலும் போகாது. அது வேறு வகை. சர்க்கரை நோயாளிகளுக்கும், இன்ஹேலர் பயன்படுத்துபவர்களுக்கும் வாய்ப்பூஞ்சை வரும் என்றாலும், இவை எதுவும் இல்லாத இளைஞருக்கு அது வந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காசநோய். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நம் நாட்டில் அதிகமாக வரும் துணைத்தொற்று இதுதான், சி.டி.4 நன்றாக இருக்கும்போதுகூட வரக்கூடியது. நெருக்கமான வீடுகளும் காற்றோட்டம் குறைந்த சந்துகளும் நிறைந்த வடசென்னையில் காசநோய் புதிதல்ல. ஓட்டேரியில் அதற்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை இருந்தால் சளிப் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வது நடைமுறை. ஏற்கெனவே எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவர், இந்த நான்கில் ஒன்று இருந்தாலே காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலோ, கடுமையான துணைத்தொற்றுகள் வந்தாலோ அந்த நிலைக்குப் பெயர் எய்ட்ஸ். ஒரு மாதத்துக்கு மேல் நிற்காத வயிற்றுப்போக்கு, ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரைவது ஆகியவை அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிடும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கி, வறட்டு இருமலும் சேர்ந்தால் அது ஒரு வகை நிமோனியாவாக இருக்கலாம். எண்ணிக்கை நூறுக்கும் கீழே சென்றால் மூளையைத் தாக்கும் தொற்றுகளும், ஐம்பதுக்கும் கீழே சென்றால் பார்வையைப் பறிக்கும் தொற்றும் வருகின்றன. பல நாட்களாக விடாத தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் விளங்காமை, வலிப்பு, பார்வை மங்குதல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சையே இல்லாமல் எய்ட்ஸ் நிலையை அடைந்தவர்கள் பொதுவாகச் சுமார் மூன்று ஆண்டுகளே உயிர்வாழ்கிறார்கள். அந்த நிலையில் சிகிச்சை தொடங்கினாலும் எழுந்து நடமாடியவர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எப்போது, எங்கே பரிசோதிப்பது

விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனை, கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது; தொற்றிய 23 முதல் 90 நாட்களுக்குள் அது காட்டிக்கொடுக்கும். நரம்பில் எடுத்த ரத்தத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடுவதால் 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டும். கிருமியின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் பரிசோதனை 10 முதல் 33 நாட்களுக்குள் காட்டும். செலவு கூடியது என்பதால் எல்லோருக்கும் செய்வதில்லை. சம்பவம் நடந்த மறுநாளே பரிசோதனை செய்துகொண்டு "நெகட்டிவ்" என்ற சீட்டோடு நிம்மதியாகப் போய்விடுவது ஆபத்தான தவறு, ஏனென்றால் அது அந்த நாளுக்கு முந்தைய நிலையை மட்டுமே சொல்கிறது. சம்பவத் தேதியிலிருந்து மூன்று மாதம் முடிந்தபின் செய்யும் பரிசோதனையிலும் நெகட்டிவ் என்று வந்து, இடையில் புதிய சந்தர்ப்பம் எதுவும் ஏற்படாமல் இருந்தால்தான் கவலையை விடலாம். தடுப்பு மாத்திரை 28 நாள் எடுத்தவர்கள் எப்போது மறுபரிசோதனை என்று கொடுத்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். வடசென்னைவாசிகளுக்கு ஸ்டான்லி மருத்துவமனை அருகில் இருக்கிறது. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் முதற்கட்டப் பரிசோதனை நடக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால், வேறு பகுதியிலுள்ள மையத்துக்குப் போகலாம்; இந்த முகவரிக்காரர் இங்கேதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 1097 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.

உள்ளே முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார். எதற்காக வந்தீர்கள், எப்போது நடந்தது என்று கேட்பார். உங்கள் ஒழுக்கத்தை எடைபோடுவதற்காக அல்ல, பரிசோதனைக்கு உரிய நாள் வந்துவிட்டதா என்று கணக்கிடுவதற்காக. ஆகவே அந்தத் தேதியை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள். உங்கள் ஒப்புதல் கிடைத்த பிறகே ரத்தம் எடுப்பார்கள். விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு ரத்தத்தையும் மேலே ஒரு திரவத்தையும் விட்டு வைத்தால், சில நிமிடங்களில் பரிசோதனை சரியாக நடந்தது என்பதைக் காட்டும் கோடு ஒன்று எழும்பும். அதனோடு இன்னொரு கோடும் எழுந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று பொருள். இந்த ஒரு பட்டையை வைத்து யாருக்கும் நோய் இருப்பதாகச் சொல்வதில்லை. வெவ்வேறு முறையில் அமைந்த மூன்று பரிசோதனைகளிலும் ஒரே முடிவு வந்தால்தான் பாசிட்டிவ் என்று உறுதிசெய்கிறார்கள். தனியார் ஆய்வகத்தின் ஒற்றைச் சீட்டைப் பார்த்து உடைந்துபோனவர்கள், வேறு எந்த முடிவையும் எடுப்பதற்கு முன் நம்பிக்கை மையத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பாசிட்டிவ் என்று உறுதியானால்

ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. முன்பெல்லாம் சி.டி.4 குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 2017-இல் அந்த முறை மாறி, எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே தொடங்குவது என்றாயிற்று. இப்போது பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளுக்கு ஒரு முறை. இது கிருமியை அடியோடு அழிப்பதில்லை, பெருகவிடாமல் கட்டிப்போடுகிறது. அதனால் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். நாள் தவறாமல் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை தொடரும்வரை உடலுறவின் வழியாக அவரிடமிருந்து துணைவருக்குக் கிருமி பரவுவதில்லை. காலத்தோடு தொடங்கியவர் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம்.

காசிமேட்டிலிருந்து விசைப்படகில் பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போகிறவர்கள், லாரி ஓட்டுபவர்கள் போன்றவர்களுக்கு மாத்திரை தவறுவது எளிது. கரை திரும்பும் நாள் தள்ளிப்போகலாம் என்பதை எண்ணி, தேவைக்கு மேல் சில நாள் மாத்திரையை ஈரம் படாத டப்பாவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உடல்நிலை சீராக உள்ளவர்களுக்குச் சில மாத மருந்தை மொத்தமாகத் தருவார்கள், மையத்தில் கேளுங்கள். மிகவும் தாமதமாகச் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு, மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் புதிதாகக் காய்ச்சலோ நெறியோ கிளம்பலாம். எதிர்ப்பு சக்தி மீண்டு, உள்ளே மறைந்திருந்த தொற்றோடு போராடுவதால் வருவது அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாகவே நிறுத்திவிடாமல் மையத்துக்குப் போய்க் காட்ட வேண்டும்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒப்புதல் இல்லாமல் பரிசோதிப்பதையும் ஒருவரின் நிலையை வெளியில் சொல்வதையும் தடைசெய்கிறது. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி வேலை, வாடகை வீடு, மருத்துவம், கல்வி எதையும் மறுப்பதும் சட்ட விரோதம்.

கடைசியாகக் குழந்தைகள். பெரியவர்களுக்குக் கிடைக்கும் அந்த நீண்ட அமைதிக் காலம், தாயிடமிருந்து தொற்றிய பச்சிளங்குழந்தைக்குக் கிடைப்பதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இறந்துவிடும். தாய் கர்ப்பகாலத்திலேயே மாத்திரை எடுத்து, குழந்தைக்கும் பிறந்தவுடன் தடுப்பு மருந்து கொடுத்தால் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை தங்கியிருக்கலாம் என்பதால், சாதாரண விரைவுப் பரிசோதனை அதுவரை சரியான பதில் தராது. எனவே ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் சமயத்திலேயே குதிகாலில் குத்தி, ஓர் அட்டையில் சில சொட்டு ரத்தத்தை ஊறவைத்துக் காயவிட்டு, கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முதல் முடிவு நல்லபடியாக வந்தாலும் 18 மாதம் வரை சொல்லும் தேதிகளில் எல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். முதல் பிள்ளைகள் ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தாலும், இதுவரை பரிசோதிக்கவில்லை என்றால் அவர்களையும் அதே நாளில் அழைத்துச் செல்லுங்கள்.